பேட்டரிக்கு வரிச் சலுகை, சேரிக்கு என்ன?

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. திருவந்திபுரம் சுற்றுவட்டாரத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கம்பியைச் சரிசெய்தபோது முதலில் விளக்கு எரிந்தது ஊர்த்தெருவில். எங்கள் சேரிக்கு மின்சாரம் வர மேலும் பல நாட்களாயின. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டி காலி. பெண்கள் குடத்தோடு அலைந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிம்னி விளக்கில் படித்தார்கள்.

இப்போது மின்சாரத்தைச் சேமிப்பது பற்றிய பேச்சு பெரிதாக நடக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. விளக்கும் மின்விசிறியும் தேவைப்படும் மாலையில் அது இல்லை. மிஞ்சுவதைப் பெரிய பேட்டரிகளில் சேர்த்து வைத்து மாலையில் தருவதுதான் திட்டம். தேவையான திட்டமே. இதற்கு வரிச் சலுகை வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. பேட்டரி தயாரிக்கும் இயந்திரங்களுக்கு ஒன்றிய அரசு சுங்கவரி விலக்கும் அளித்துவருகிறது.

வரிச் சலுகை யாரிடம் போய்ச் சேரும்? தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 1990களில் காற்றாலை வாங்கினால், அதன் விலை முழுவதையும் முதலாண்டு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 100 சதவீதத் தேய்மானக் கழிவு தரப்பட்டது. கொங்கு மண்டல ஆலை முதலாளிகள் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலை நட்டார்கள். காற்றாலைகள் பெருகின, மறுக்கவில்லை. ஆனால் லாபம் இருந்தால்தான் வரி. வரி இருந்தால்தான் சலுகை. கரும்பு வெட்டும் கூலிக்கு அதில் என்ன பங்கு?

அவரும் வரி கட்டாதவர் அல்ல. மின்வெட்டுக்குப் பயந்து கடன் வாங்கி இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறார். 2025 செப்டம்பர் வரை அது 28 சதவீதம்.

நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுக்கும் வரி பொதுப்பணம். அதற்கு நிபந்தனை போட முடியும். 2023 செப்டம்பரில் 4,000 மெகாவாட்-மணி பேட்டரித் திட்டங்களுக்கு 40 சதவீதம் வரை நிதியுதவி தர ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. குறைந்தது 85 சதவீதத் திறன் மின் விநியோக நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். அந்த விதியை இன்னும் ஓர் அடி நீட்டி, சேரி வரை கொண்டு வரலாமே!

சலுகை பெறும் ஒவ்வொரு திட்டமும் ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் குடிநீர் மோட்டார், துணைச் சுகாதார நிலையம், பள்ளி ஆகியவற்றுக்குச் சிறிய சூரியத்தகடும் பேட்டரியும் அமைத்துத் தர வேண்டும். மாநில அரசு தன் பங்குக்கு, 2024இல் இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டச் சட்டத்தின் நிதியை இதற்கு ஒதுக்கலாம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. ஐடிஐ படித்த நம் பிள்ளைகள் பேட்டரிப் பராமரிப்புத் தொழிலுக்கு அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

1943இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், மின்சாரக் கொள்கைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். மின்சாரம் தனியார் கையிலா, அரசின் கையிலா என்ற கேள்வியை அங்கே எழுப்பினார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் வறுமை தீராது என்பது அவர் நிலை. அந்தக் கேள்வி இன்று பேட்டரிக்கும் பொருந்தும்.

கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அடுத்த புயல் வரும்போதும் கடைசியாக விளக்கெரியும் தெரு நம்முடையதாக இருக்கக் கூடாது.