டெண்டருக்கு முன்பே சப்ளையர்கள்: ஹீத்ரோ டெர்மினல் 5 சொல்லும் பாடம் என்ன?

பாலமோ, மெட்ரோவோ, விமான நிலையமோ... வழக்கமான ரூட் இதுதான். முதலில் டிசைன், அடுத்து டெண்டர், குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. இரும்புக் கட்டமைப்பு, கண்ணாடி, லிஃப்ட் சப்ளை செய்பவர்கள் கடைசியில்தான் உள்ளே வருவார்கள். அப்போது வந்து, "இந்த டிசைன்படி செய்ய முடியாதே" என்று சொன்னால்? மறுபடியும் வரைபடம், கூடுதல் செலவு, தாமதம்.

இதைத் தவிர்க்கத்தான் டிசைன் கட்டத்திலேயே சப்ளையர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் முறை வந்தது. இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம், லண்டன் ஹீத்ரோவின் 5வது டெர்மினல்.

அங்கே என்ன செய்தார்கள்?

சுமார் 4 ஆண்டுகள் நடந்த பொது விசாரணைக்குப் பிறகு 2001ல் அனுமதி கிடைத்தது. 2002ல் வேலை தொடங்கியது. செலவு 430 கோடி பவுண்டு. அப்போது ஹீத்ரோவை நடத்திய பிஏஏ என்ற தனியார் நிறுவனம், முக்கிய சப்ளையர்களுடன் புதுவிதமான ஒப்பந்தம் போட்டது:

• ரிஸ்க் முழுவதும் பிஏஏவுடையது
• சப்ளையர்கள் உண்மையான செலவுக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும்
• செலவுடன், பேசி முடித்த லாபம் தனியாகக் கிடைக்கும்
• பணம் மிச்சமானால் அதிலும் பங்கு

ஏன் இது முக்கியம்?

சாதாரண ஒப்பந்தத்தில் ஒரு தவறைச் சொன்னால், உடனே "யார் தலையில் செலவு?" என்ற சண்டை ஆரம்பிக்கும். அதனால் பலரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே அந்தப் பயம் குறைந்தது.

மேற்கூரையையே எடுத்துக்கொள்ளலாம். விமான நிலைய ராடாருக்கு இடையூறு வரும் என்பதால் உயரமான கிரேன்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் கூரையைத் தாழ்வாகவே பொருத்தி, பிறகு ஜாக்கி மூலம் மேலே தூக்குவது என்று முடிவானது. லண்டனுக்குக் கொண்டு வரும் முன், யார்க்‌ஷயரில் ஒரு பகுதியைப் பொருத்திப் பார்த்து சிக்கல்களைச் சரிசெய்தார்கள்.

எல்லாம் சக்சஸா?

இல்லை. அறிவித்தபடி 2008 மார்ச் 27ல் டெர்மினல் திறந்தது. ஆனால் முதல் நாளே லக்கேஜ் சிஸ்டம் சொதப்பியது. அடுத்தடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. ஆயிரக்கணக்கான பெட்டிகள் தேங்கின. கட்டுபவர்களை முன்கூட்டியே அழைத்தவர்கள், அதை இயக்கும் ஊழியர்களின் பயிற்சிக்கும் சோதனை ஓட்டத்துக்கும் போதிய நேரம் தரவில்லை.

இன்னொரு சிக்கல், விலை. ஒரு சப்ளையரோடு சேர்ந்தே டிசைன் போட்டால், மற்றவர்களின் விலையோடு ஒப்பிடுவது கஷ்டம். மக்கள் வரிப்பணம் என்றால் தணிக்கையில் கேள்வி வரும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே இன்னும் 'எல்-1', அதாவது குறைந்த விலைக்கே முதலிடம். 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட பணிகளில் தரத்துக்கும் 30% வரை மதிப்பெண் தர அனுமதித்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் இது யாருக்கு வேலை என்பதை முடிவு செய்யும் விதி மட்டுமே. சப்ளையரை டிசைன் கட்டத்துக்கு அழைத்து வராது.

அழைத்தாலும், ரிஸ்க்கை அவர் தலையிலேயே கட்டினால் அவர் பழையபடி வாய் திறக்க மாட்டார். சைட்டில் விரிசல் தெரிந்த பிறகு செலவு செய்வதா, பேப்பரில் இருக்கும்போதே திருத்துவதா என்பது ஒப்பந்தம் எழுதும்போதே முடிவாகிவிடுகிறது.