விற்கிறவர் கையிலும் ஒரு தராசு

தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று கொடுத்துவிட்டு, "இனி நீங்கள் கூலியாட்கள் இல்லை, சின்ன முதலாளிகள்" என்று சொல்லும் பழக்கம் கொஞ்ச காலமாக வந்திருக்கிறது. வெளியார் உற்பத்தி முறை, வருமானப் பகிர்வு முறை என்று அதற்குப் பல பெயர். நமது சங்கத்தின் நிலைப்பாடு பழையதுதான். நாட்சம்பளம் போய்விட்டால் அதோடு முதலாளி செலுத்தவேண்டிய 12 வீத சேமலாப நிதியும், 3 வீத நம்பிக்கை நிதியும், கடைசியில் வரவேண்டிய பணிக்கொடையும், பெண்களின் பிரசவச் சலுகையும் போய்விடும். இவை எல்லாம் எழுத்தில் உறுதியாகாமல் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கவேண்டாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நமது அங்கத்தவர்களில் பல பேர் ஏற்கெனவே விற்கிறவர்களாகிவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் நாலு வரிசை தேயிலை, வேலிமரத்தில் மிளகுக் கொடி, பாக்கு, ஒரு பால் மாடு, கொஞ்சம் கீரை என்று ஏதாவது இருக்கிறது. பேர் போடுகிற வேலையில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் மடுவத்திலேயே சத்தம் போடுகிற நாம், சொந்தக் கொழுந்தை லொறிக்காரரிடம் கொடுக்கும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை. 'நம்ம ஆள்தானே, நாளைக்கும் வரவேண்டுமே' என்று விட்டுவிடுகிறோம். இதைப் பற்றிச் சங்கம் பேசியாகவேண்டும்.

முதலில் விலை. பச்சைக் கொழுந்தின் விலையை லொறிக்காரர் தன் வாயால் தீர்மானிப்பதில்லை. அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. தொழிற்சாலையின் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. நூறு கிலோ கொழுந்தில் ஏறக்குறைய இருபத்தொன்றரை கிலோ தேயிலைத்தூள் வரும் என்பது கணக்கு. ஏல விலை கிலோ 1200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 68 வீதம் 816 ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான கொழுந்து வேண்டும். அப்படியென்றால் கொழுந்து கிலோவுக்கு 175 ரூபாய் அளவில் வரவேண்டும். ஏற்றுக்கூலி கழித்தால் சற்றுக் குறையும். தேயிலை ஆணையாளர் மாவட்ட வாரியாக மாதாமாதம் விலை அறிவிக்கிறார். அந்த இலக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சிற்றுடைமையாளர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஒரே லொறியில் ஏறுகிற கொழுந்துக்கு அவர்களுக்கு ஒரு விலையும் லயத்துக்கு ஒரு விலையும் ஏன் என்று கேட்க, முதலில் அவர்கள் வாங்குகிற விலை நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்தது நிறை. உண்மையான கொள்ளை நடப்பது இங்கேதான். மழை நாளில் தண்ணீருக்கு, சாக்குக்கு, முற்றல் இலைக்கு என்று கழிக்கிறார்கள். ஈரக் கொழுந்துக்குக் கழிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காய்ந்த வெயிலிலும் அதே கழிவு ஏன்? மாதம் 400 கிலோ போடுகிற வீட்டில் 5 வீதம் சும்மா கழித்தால் 20 கிலோ. மேலே சொன்ன விலையில் 3500 ரூபாய். 2024 இல் சம்பள நிர்ணய சபை வைத்த நாட்சம்பளம் 1350 ரூபாய். ஆக, மாதத்துக்கு இரண்டரைப் பேர் காற்றோடு போகிறது. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம்.

இதற்கு மருந்து ஒரு தராசு. வீட்டுக்கு ஒன்று வேண்டாம், லயத்துக்கு ஒன்று போதும். தோட்டக் கமிட்டி சந்தாப் பணத்தில் வாங்கலாம். லொறி வருவதற்கு முன்னால் நாமே நிறுத்து ஒரு கொப்பியில் திகதி, நிறை, அவர் எழுதிய நிறை, கழிவு என நாலு விஷயத்தை எழுதவேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிவிடும். லொறிக்காரரின் தராசில் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசை வருடாவருடம் முத்திரையிடவேண்டும் என்பது சட்டம்.

நாமும் ஒழுங்காகக் கொடுக்கவேண்டும். ரெண்டு இலையும் மொட்டும் என்பது தொழிற்சாலைக்காரர் சொல்கிற கதை மட்டுமல்ல. நிறை கூடட்டும் என்று முற்றலையும் தண்டையும் சேர்த்துத் திணித்தால் கழிவு வெட்ட அவருக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம். மதியம் பறித்ததைச் சாக்கில் அமுக்கி வெயிலில் வைத்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். நிழலில் பரப்பி வையுங்கள்.

கேகாலைப் பக்கம் இறப்பர் பால் விற்கிறவர்களுக்கும் இதே கதைதான். பாலின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, மெட்ரோலாக் காட்டும் அளவையும் நீங்களே குனிந்து பாருங்கள், காசு அதில்தான் இருக்கிறது. மிளகைப் பச்சையாகவே கொடுத்துவிடுகிறார்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ அளவில் வரும். காய்ந்த விலையை மூன்றால் பிரித்துப் பார்த்துவிட்டு, பச்சையாகக் கொடுப்பதா காயவைப்பதா என்று முடிவு செய்யலாம். தீபாவளிச் செலவுக்கு முன்கூட்டியே கைக்காசு வாங்கியவருக்கு அந்த முடிவு எடுக்கும் சுதந்திரம் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். முற்பணம் என்பது வட்டி எழுதாத கடன். வட்டி விலையில் கழிந்துகொண்டிருக்கும்.

தனியாக நின்று இதையெல்லாம் கேட்டால் லொறி நாளைக்கு நிற்காது. அந்தப் பயம் நியாயமானது. பத்து வீடு சேர்ந்து ஒரே இடத்தில் கொழுந்தைக் குவித்தால் அதை விட்டுவிட்டுப் போக லொறிக்காரருக்கு மனம் வராது, அடுத்த லொறியும் அந்த வழியில் வரும். கடலுக்கு அப்பால் நீலகிரியில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நமது சொந்தங்கள் போய்ச் சேர்ந்த அதே மலைகளில், சிறு விவசாயிகள் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் வைத்திருக்கிறார்கள். இன்ட்கோசர்வ் என்ற இணையம் அந்தத் தூளை 'ஊட்டி டீ' என்ற பெயரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் வழியாக விற்கிறது. அங்கேயும் கொழுந்து விலை போதாது என்று போராட்டம் ஓயவில்லை. ஆனாலும் யாரிடம் போய்க் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, மலை பிரித்துக் கொடுக்கும் கம்பெனிகளிடம் ஒரு கேள்வி. கொழுந்தை உங்கள் தொழிற்சாலைக்கே கொடுக்கவேண்டும், விலையை நீங்களே சொல்வீர்கள், நிறையை நீங்களே எழுதுவீர்கள் என்றால், வேறு ஆளிடம் விற்கும் உரிமை இல்லாதவர் எப்படி முதலாளியாவார்? 68 வீதச் சூத்திரம், இரு தரப்பும் பார்க்கிற தராசு, மாதாந்தக் கணக்குச் சீட்டு, இந்த மூன்றும் உடன்படிக்கையில் எழுதப்படவேண்டும் என்று இனி நடக்கும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் நாம் கேட்போம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதத்துக் கொழுந்துச் சீட்டுகளையும் கொப்பியையும் சேர்த்து நமது மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். சீட்டே தராத லொறி என்றால், அதையும் கொப்பியில் எழுதி வாருங்கள்.