ரிப்போர்ட் நார்மல், கால் எரிகிறதே!

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், "பாதம் எரிகிறது, ராத்திரி தூக்கமில்லை" என்கிறார். நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனை எடுக்கிறார்கள். ரிப்போர்ட் நார்மல். உடனே ஆபீசில், "லீவுக்காக வேஷம் போடுகிறார்" என்ற பேச்சு. இது அநியாயம்.

சோதனையின் மேல் குற்றமில்லை. தோலின் மேல் லேசான மின் அதிர்ச்சி கொடுத்து, அது நரம்பில் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். கையில் வினாடிக்குச் சுமார் 50 மீட்டர், காலில் 40க்கு மேல் இருந்தால் சரி. (கால் சில்லிட்டிருந்தாலும் வேகம் குறையும்; ஏ.சி. அறையில் இதைக் கவனிக்க வேண்டும்.) ஆனால் அது அளப்பது பருமனான நரம்பிழைகளை மட்டுமே. எரிச்சல், சூடு ஆகியவற்றைச் சொல்லும் மிக மெல்லிய இழைகளில் செய்தி வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான் நகரும். எக்ஸ்பிரஸ் நேரத்துக்கு வந்துவிட்டது என்பதற்காகப் பாசஞ்சரும் வந்துவிட்டது என்று எழுத முடியுமா? சர்க்கரை வியாதியில் பல சமயம் முதலில் கெடுவது இந்த மெல்லிய இழைகள்தான். அவற்றை எண்ணிப் பார்க்க, தோலில் துளி வெட்டி எடுக்கும் சோதனை தனியே இருக்கிறது.

மெடிக்கல் லீவு மனுவைப் பார்க்கும் அதிகாரிகள் நார்மல் என்ற ஒரே சொல்லை வைத்து முடிவு கட்டக் கூடாது. பாதத்தில் ஊசிமுனை உறைக்கிறதா, சூடு தெரிகிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?