பேசாலை எந்தக் கரையில்?

போன சோளகத்தில் நான் பேசாலையை இடம் மாற்றிவிட்டேன்.

மன்னார்த் தீவின் வடகரையில், பாக்கு விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கிற ஊர் அது. என்ர கோடில் அது தென்கரைக்குப் போய்த் தாழ்வுபாட்டுக்குப் பக்கத்தில் குந்திவிட்டது. இரண்டு இரவு தேடியும் எனக்குப் பிழை தெரியவில்லை. தரவை ஒழுங்காக அச்சிட்டுப் பார்க்கிற ஒரு வரியை எழுதியிருந்தால் ஒரு நிமிசத்தில் தெரிந்திருக்கும்.

நான் செய்தது சின்ன வேலை. பேசாலை, விடத்தல்தீவு, தாழ்வுபாடு, வங்காலை, சிலாவத்துறை என்று ஐந்து ஊர்களுக்கு மறுநாள் காற்று எப்படி என்று போனில் காட்டுகிற பைதன் நிரல். தரவு அடுக்கடுக்காக இருக்கும்: மாவட்டத்துக்குள் கரை, கரைக்குள் ஊர், ஊருக்குள் 24 மணி நேரம், ஒவ்வொரு மணிக்கும் காற்றின் வேகமும் திசையும். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் அதை நேரே வாங்கும். வடகரைக்குத் தீவே ஒரு மறைப்பு. அதனால் "அலை கூடும், கவனம்" என்ற குறிப்பு, ஊர் எந்தக் கரைக்குள் இருக்கு என்பதைப் பார்த்துத்தான் வரும்.

பேசாலையில் கடலுக்குப் போகிற மாமா ஒருத்தர் கேட்டார்: "தம்பி, இஞ்ச கடல் குளம் மாதிரிக் கிடக்கு. உன்ர போன் போகாத எண்டுது. நான் எதைப் பாக்கிறது?"

சிரிச்சுக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பிழை மறுபக்கமாக நடந்து, தாழ்வுபாட்டுக்காரரிடம் "பயமில்லை, போங்கோ" என்று என்ர நிரல் சொல்லியிருந்தால்?

நான் உடனே சந்தேகப்பட்டது திசைக் கணக்கை. வானிலைத் தரவில் 225 பாகை என்றால் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம், தென்மேற்குக்குப் போகிறது என்று இல்லை. இதைத் தலைகீழாக எடுத்திருப்பேன் என்று நினைத்துச் சூத்திரத்தை மாற்றினேன், திருப்பி மாற்றினேன். இடையில் பிரிண்ட் போட்டும் பார்த்தேன். முழுத் தரவும் ஒரே நீளமான வரியாக, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகக் கொட்டியது. சிக்கின வலை மாதிரி. எது எதுக்குள்ள இருக்கு எண்டு கண்ணுக்குப் பிடிபடேல்ல. பார்த்தேன் என்று சொல்வதை விட, பார்த்த மாதிரி இருந்தேன் என்பதுதான் சரி.

இரண்டாம் இரவுதான் ஜேசன் நூலகத்தின் டம்ப்ஸைக் கூப்பிட்டு, 'இன்டென்ட்' 2 என்று கொடுத்தேன். ஒவ்வொரு அடுக்கும் இரண்டு இடைவெளி உள்ளே தள்ளி, வரி வரியாக அழகாக வந்தது. ஆனால் ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை! எல்லாம் சரிவுக்கோடு, 'யு', நாலு இலக்கக் குறியீடு. 'மன்னார்' யுனிகோடில் 7 குறிகள், ஒவ்வொன்றும் 6 எழுத்தாக விரிய 42 எழுத்து. அடுக்கு தெரியுது, ஊர் தெரியேல்ல.

இது பிழை இல்லை. ஆஸ்கி எழுத்துகளை மட்டும் நம்பி அனுப்பக்கூடிய இடங்களிலும் தரவு சிதையக்கூடாது என்று பைதன் ஜேசனின் இயல்பு நிலை அப்படி. 'என்ஷுவர் ஆஸ்கி' என்ற தெரிவுக்கு 'ஃபால்ஸ்' கொடுத்தால் தமிழ் தமிழாகவே வரும். கொடுத்தேன். 'தென்கரை' என்ற சொல்லுக்குக் கீழே, இரண்டு இடைவெளி உள்ளே, பேசாலை! தரவுக் கோப்பில் ஒரு அடைப்புக்குறி தள்ளி ஒட்டியிருக்கிறேன். சூத்திரம் முதல் நாளிலிருந்தே சரி.

"டிபக்கர் இருக்கேக்க பிரிண்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கினம். டிபக்கர் நல்லதுதான், நானும் பாவிக்கிறன். ஆனால் அது அடுக்குகளை மூடி வைத்திருக்கும், சந்தேகப்பட்ட இடத்தைத்தான் நாங்கள் திறப்போம். நான் சந்தேகப்பட்டது திசையை. கரையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். உள்தள்ளி அச்சிட்ட தரவு, நாங்கள் கேட்காததையும் காட்டும்.

அதுக்காக எல்லாத்தையும் கொட்டவும் கூடாது. ஐந்து ஊருக்கு 24 மணி என்றால் 120 மணிகளின் விபரம், அதில் பேசாலை திரும்பவும் தொலைந்துவிடும். பைதனின் பிபிரிண்டில் 'டெப்த்' 3 என்று கொடுத்தால் மாவட்டம், கரை, ஊர் வரைக்கும் காட்டி, மிச்சத்தைப் புள்ளிகளாகச் சுருக்கிவிடும். அது தமிழையும் உடைக்காது. நோடில் வேலை செய்கிறவர்களுக்கு நேர்மாறான பிரச்சினை: கன்சோல் லாக் ஆழமான அடுக்குகளைத் தானாகவே '[ஆப்ஜெக்ட்]' என்று மறைத்துவிடும். அங்கே கன்சோல் டிர்ரில் 'டெப்த்' நல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

என்னோட கோட் எழுதுகிற பெடியள், பெட்டையள் பலர் அந்தக் குறியீட்டுக் குவியலைக் கண்ட உடனே எடுக்கிற முடிவு ஒன்றுதான்: "தமிழை விடு, ஊர்ப் பெயரை இங்கிலீசில் போடுவம்." நான் மறுப்பது இதைத்தான். நானாட்டானை ஒருத்தர் இரண்டு 'ரி' போட்டு எழுதுவார், இன்னொருத்தர் இரண்டு 'டி' போடுவார். கணினிக்கு அது இரண்டு ஊர். தமிழில் எழுதினால் ஒரே ஊர். ஒரு தெரிவை மாற்றத் தெரியாததுக்காகச் சரியான பெயரைக் கைவிட்டு, புதுப் பிழைக்கு வழி திறக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை நிரல் குழம்பினால் சூத்திரத்தில் கை வைக்க முதல், தரவை உள்தள்ளி, தமிழிலேயே அச்சிட்டு, மேலிருந்து கீழ் வரை ஒருக்கா வாசியுங்கோ. கோப்பில் எழுதுவதென்றால் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறக்காதீங்கோ, இல்லாவிட்டால் சில விண்டோஸ் கணினிகளில் அது வேறு தலையிடி.

மாமாவிடம் திருத்திவிட்டேன் என்று சொன்னேன். "எங்கட ஊரை எங்க வச்சிருந்தனி?" என்றார். தாழ்வுபாட்டுக்குப் பக்கத்தில் என்றேன். "அங்க ஆருமே போய்ப் பாக்கேல்லையோ?" என்றார்.