பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

மைசூரில் கே.ஆர்.எஸ். சாலையில் உள்ள காசநோய் மருத்துவமனைக்கு ஓர் இளவரசியின் பெயர். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணஜம்மண்ணி. அரண்மனையில் பிறந்தவரையும் காசநோய் விட்டுவைக்கவில்லை. அவர் நினைவாகத்தான் அந்த சானடோரியம்.

இன்று காசநோய்க்கு மருந்து இருக்கிறது. ஆனால் ஆறிய பிறகும் அது நுரையீரலில் தழும்பை விட்டுச் செல்கிறது. நோய் வந்து போனதே தெரியாதவர்களுக்கும் தழும்பு இருக்கலாம். வேறு எதற்காகவோ எடுத்த ஸி.டி. ஸ்கேனில் அது சின்னப் புள்ளியாகத் தலைகாட்டும். ரிப்போர்ட்டில் ‘நாட்யூல்’ என்று இருக்கும். தமிழில் அதைக் ‘கட்டி’ என்று எழுதிவிடுகிறோம். மொழிபெயர்த்தவரின் வேலை முடிந்தது. படித்தவரின் தூக்கம் போனது. கட்டி என்றாலே புற்றுநோய் என்றுதானே நம் காதில் விழுகிறது? ‘முடிச்சு’ என்பதே பொருத்தம்.

முடிச்சின் குறுக்களவு 3 செ.மீ.க்கு மேல் போகாது. ஸி.டி. படத்தில் டாக்டர்கள் முதலில் பார்ப்பது அதன் அளவு, ஓரம், உள்ளடக்கம். நடுவில் அல்லது முழுவதும் சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் பழைய தழும்பு. கொழுப்பு தெரிந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஓரம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம்.

இந்திய டாக்டருக்குக் கூடுதலாக ஒரு சங்கடம். மேல்பகுதியில் இருக்கும் முடிச்சைச் சந்தேகி என்கிறது பாடப்புத்தகம். காசநோய் விரும்பிக் குடியேறுவதும் அங்கேதான். புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் பெட் ஸ்கேனில் காசநோயும் பளிச்சிடுகிறது. ஆகவே இரண்டு பக்கமும் தவறு நேரலாம். தழும்பைப் புற்றுநோய் என்று நினைத்துக் கத்தி வைக்கலாம். அல்லது உறுதி செய்யாமலே ‘டி.பி.யாக இருக்கும்’ என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, புற்றுநோய்க்கு அந்த ஆறு மாதத்தைத் தானம் செய்யலாம். இரண்டாவது தவறு உயிரையே பறிக்கக்கூடும்.

அமெரிக்காவில் அதிகம் புகைத்த 53,000 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஸி.டி. பரிசோதனையால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. ஆனால் சந்தேகத்துக்குரியவை என்று ஸி.டி. காட்டியவற்றில் சுமார் 96 சதவீதம் புற்றுநோயே அல்ல. காசநோய் அரிதான நாட்டிலேயே இந்தக் கதை!

ஒரு படம் சொல்லாததை இரண்டு படங்கள் சொல்லும். 8 மி.மீ. முடிச்சு 10 மி.மீ. ஆனால் அற்ப வித்தியாசம் போலத் தோன்றும். கன அளவில் அது ஏறக்குறைய இரு மடங்கு. திடமான புற்றுநோய் முடிச்சு இப்படி இரட்டிப்பாகப் பொதுவாக 100 முதல் 400 நாள் எடுத்துக்கொள்ளும். தழும்பு வளராது. திடமான முடிச்சு இரண்டு வருடம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மங்கலான பனிமூட்டம் போன்றதை ஐந்து வருடம் வரை கண்காணிப்பார்கள்.

2017இல் ஃப்ளைஷ்னர் சங்கம் தந்த விதிகளும் இந்த அடிப்படையில்தான். திடமான முடிச்சு 6 மி.மீ.க்குக் குறைவாக இருந்து, புகைப்பழக்கம் போன்ற ஆபத்தும் இல்லையென்றால் மறு ஸ்கேன் தேவையில்லை. 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள் மறு ஸ்கேன். அதற்கு மேல் என்றால் மூன்று மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது திசுப் பரிசோதனை. சளியில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2020, 2021 கொரோனா நாட்களில் எத்தனையோ பேர் மார்பு ஸி.டி. எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படமோ சி.டி.யோ பீரோவில் எங்காவது கிடக்கும். ரிப்போர்ட்டில் முடிச்சு என்று வந்தால், அடுத்த ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன் அதைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். புள்ளி அன்றும் அதே அளவில் இருந்ததா என்பதுதான் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது.