லோஹேகாவ் ஓடுபாதை எழுப்பும் கேள்வி: அரசும் தொழிலதிபர்களும் யாருக்காகக் கைகோக்கிறார்கள்?

புது தில்லி: புணே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவ், சந்த் துக்காராமின் தாயார் பிறந்த ஊராக மராட்டிய பக்தி மரபில் போற்றப்படுகிறது. நாட்டுக்கு இன்று அவ்வூர் விமானப் படைத் தளமாகவே அறிமுகம். அத்தளத்தின் ஓடுபாதையைப் பகிர்ந்துகொண்டுதான் புணேயின் பயணிகள் விமானங்கள் இயங்குகின்றன. 2021 அக்டோபரில் ஓடுபாதைப் பராமரிப்புக்காக இரு வாரங்கள் விமானப் போக்குவரத்து அடியோடு நின்றது. பிரதமர் 2024 மார்ச் 10-இல் திறந்துவைத்த புதிய முனையம், பயணிகளின் பயன்பாட்டுக்கு வர ஜூலை 14 வரை காத்திருக்க நேர்ந்தது.

மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகம் 1962-இல் தொடங்கப்பட்டது முதல் பிம்ப்ரி, சாகண் பகுதிகளில் மோட்டார் வாகனத் தொழில் பெருகியது. ஆனால், அந்நகருக்குத் தனி விமான நிலையம் இன்னும் அமையவில்லை. முதலில் கேட் தாலுகாவிலும், பின்னர் புரந்தரிலும் இடம் பார்க்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் விவசாயிகள் எதிர்த்தனர். 2025 மே மாதத் தொடக்கத்தில், புரந்தரில் நில அளவையை எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸார் தடியடி நடத்தினர்.

வளரும் நாடுகளில் அரசும் தொழில்துறையும் நெருங்கியிருப்பது தவிர்க்க முடியாதது. நிலம், கடன், உரிமம் ஆகிய மூன்றும் அரசின் கையில் இருக்கின்றன. அந்த நெருக்கம் எந்த நிபந்தனையின் பேரில் அமைகிறது என்பதே நாட்டின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

தென் கொரியாவில் 1960-களில் பார்க் சுங் ஹீ அரசு, ஏற்றுமதி இலக்கை எட்டிய நிறுவனங்களுக்கே மலிவுக் கடனைத் தாராளமாக வழங்கியது. ஊழலும் அடக்குமுறையும் அங்கும் இருந்தன. எனினும், பெற்ற சலுகைக்குக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் இந்தியாவில் உரிமம் பெற்றவருக்குப் போட்டியிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. பதிலுக்குச் சாதனை எதுவும் கேட்கப்படவில்லை. புணேயில் தயாரான ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது அதன் விளைவுதான்.

உரிமத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு

1991-க்குப் பின் உரிமத்தின் இடத்தை நிலமும் நீண்டகால ஒப்பந்தமும் பிடித்துக்கொண்டன. 2006-இல் தில்லி விமான நிலையம் ஜிஎம்ஆர் தலைமையிலான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வருவாயில் 45.99 சதவீதம் அரசுக்கு என்பது ஒப்பந்தம். ஆனால், ஏலத்துக்குப் பின் பயணிகளிடம் மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்க அனுமதி தரப்பட்டதால் நிறுவனம் 3,415 கோடி ரூபாய் பயனடைந்ததாக 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தார். விமானப் போக்குவரத்து அமைச்சகம் அதை மறுத்தது.

2019-இல் ஆறு விமான நிலையங்களும் அதானி குழுமத்துக்குச் சென்றன. ஒரே நிறுவனத்துக்கு இரண்டுக்கு மேல் தரலாகாது என்று அதற்கு முன்பே பொருளாதார விவகாரத் துறை குறிப்பு எழுதியிருந்தது. அது ஏற்கப்படவில்லை. அக்குழுமமே அதிகத் தொகை அளிக்க முன்வந்தது என்பதும் உண்மை. திருவனந்தபுரத்துக்குப் பயணி ஒருவருக்கு 168 ரூபாய் தருவதாக அது கூறியது. கேரள அரசு நிறுவனம் கூறியது 135 ரூபாய். 2021-இல் மும்பை விமான நிலையமும் அக்குழுமத்தின் வசமானது. ஏலத்தால் அரசுக்கு வருவாய் கூடலாம்; ஆனால், ஒரே கையில் குவியும் வலிமைக்குக் கடிவாளம் ஏது?

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1999-இல் திறக்கப்பட்ட கொச்சி விமான நிலையத்தில் மாநில அரசு முக்கியப் பங்குதாரர். வெளிநாடுவாழ் மலையாளிகள் உள்ளிட்ட பல ஆயிரம் பேர் உடன் முதலீட்டாளர்கள். தனியார் பணமும் பொதுக் கட்டுப்பாடும் அங்கே இணைந்து நிற்கின்றன.

பரந்தூருக்கும் பொருந்தும்

தமிழக வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2013-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி, அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு நிலம் இழக்கும் குடும்பங்களில் 70 சதவீதத்தின் ஒப்புதல் தேவை. ஆனால், புரந்தரில் மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிச் சட்டமும், பரந்தூரில் 1997-ஆம் ஆண்டின் தமிழகத் தொழில் நோக்க நிலச் சட்டமும் கையாளப்படுகின்றன. இவற்றில் அந்த ஒப்புதல் கட்டாயமில்லை. மாநிலங்கள் வேறு, ஆளும் கட்சிகள் வேறு. வழி மட்டும் ஒன்றாக இருக்கிறது.

புணேக்கும் சென்னைக்கும் புதிய விமான நிலையம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், நிலம் தரும் விவசாயியிடம் 'பொது நன்மை' என்று கூறும் அரசு, அதே நிலத்தை நாளை எந்த நிறுவனத்திடம், எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன நிபந்தனையில் ஒப்படைக்கும் என்பதை இன்றே சொல்ல வேண்டும். தணிக்கை அறிக்கை வந்த பின் விவாதிப்பதைவிட, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் சட்டப்பேரவையில் விவாதிப்பதே முறை.