சீனைல் என்று யார் சொன்னது?

எங்கள் வயதுக்காரர்களின் காதில் அடிக்கடி விழும் ஆங்கிலப் பெயரடை ஒன்று உண்டு: சீனைல். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு இரண்டு நாள் தேடினால் போதும், "தாத்தாவுக்கு சீனைல் ஆயிடுச்சு" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்.

பிறக்கும்போது இது கெட்ட சொல் இல்லை. லத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர். சீனியர், செனட் எல்லாம் அதே வேரில் கிளைத்தவைதான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'முதுமைக்குரிய' என்றுதான் பொருள். கண் டாக்டர்கள் 'சீனைல் கேடராக்ட்' என்று எழுதுவதும் அந்தப் பொருளில்தான். வயதானதால் வந்த புரை, அவ்வளவே. 'புத்தி தடுமாறிய' என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று சீனியருக்கு ரயிலில் கீழ் பெர்த். சீனைலுக்கு வீட்டில் ஒரு மூலை!

முதுமை பற்றி சிசெரோ எழுதிய நூலில் ஒரு கதை வருகிறது. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் தள்ளாத வயதிலும் நாடகமே கதியென்று இருந்தார். சொத்தை நிர்வகிக்கும் புத்தி அவருக்கு இல்லை என்று பெற்ற பிள்ளைகளே வழக்குப் போட்டார்கள். அவர் வாதாடவில்லை. அப்போதுதான் எழுதியிருந்த நாடகத்தை நீதிபதிகளுக்குப் படித்துக் காட்டி, இது புத்தி கெட்டவன் எழுதியதா என்று கேட்டாராம். வழக்கில் ஜெயித்தும் விட்டார்.

நம்மால் நாடகம் எழுத முடியாது. ஆனால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமே. சோடியம் குறைந்தாலும், தைராய்டு மந்தமானாலும், பி12 போதாமல் போனாலும், சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும், தூக்க மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பெரியவர்களுக்குக் குழப்பம் வரும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. காது மந்தமானவர் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அதற்கும் இதே பட்டம்தான்! 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று இந்தச் சொல்லைப் போட்டு மூடிவிட்டால் யார் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள்?

உண்மையான மறதி நோயும் வெறும் முதுமையின் கோளாறு அல்ல. டாக்டர் அல்சைமர் 1906-ல் விவரித்த பெண்மணி, மருத்துவமனையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 51தான்.

ஆகவே என் கட்சி இதுதான்: சீனைல் என்பதை வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுவோம். யாராவது சொன்னால், "எந்த டாக்டர் சொன்னார்?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கிவிட்டேன்.